ஒரு நியமனக் கடிதமும் ஆறு நாள் சாலைக் கணக்கும்

முதல் நாள், திங்கள்: சேலம் நகரம்

சேலத்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் பொதுப் பிரிவில் பத்து ஆண்டுகளாக மெடிக்கல் ரெப்பாக இருக்கிறேன். காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து, ஆன்டிபயாட்டிக், சத்து மாத்திரை என்று எல்லா வீட்டு அலமாரியிலும் கிடப்பவற்றைத்தான் இத்தனை காலமும் மருத்துவர்களிடம் எடுத்துச் சொல்லி வந்தேன். சென்ற வாரம் வேறொரு நிறுவனத்தின் சிறுநீரகப் பிரிவிலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்தது. ஆண்டுக்கு ஏழு லட்சம் ரூபாய், பதவியின் பெயர் ‘தெரபி மேனேஜர்’, பதில் சொல்ல ஒரு வாரம் அவகாசம். எனக்கு ஈட்டிய விடுப்பு நிறைய மிச்சம் இருந்ததால், அதில் ஆறு நாளை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய ஏரியா மேனேஜர் அனுப்பிய மாதிரி டூர் புரோகிராமின்படி, அதாவது எந்த நாளில் எந்த ஊர் என்ற பயணத் திட்டத்தின்படி, நானே ஒரு வாரம் ஓடிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்கூட்டரின் கிலோமீட்டர் கணக்கையும் செலவையும் அன்றன்றைக்கு எழுதி இங்கே இடுகிறேன்.

முதலில் அந்த ஏழு லட்சத்தைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். மாதச் சம்பளம் 42,000 ரூபாய், ஆண்டுக்கு 5,04,000. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி மாதம் 1,800 வீதம் 21,600. அடிப்படைச் சம்பளம் 21,000-க்குப் பணிக்கொடை ஒதுக்கீடு 4.81 விழுக்காடு வீதம் 12,121; ஐந்து ஆண்டு முடிவதற்குள் விலகினால் இந்தப் பணம் எனக்கு வராது. காப்பீட்டுப் பிரீமியம் 12,279. எஞ்சிய 1,50,000 ரூபாய் இன்சென்டிவ் எனப்படும் விற்பனை ஊக்கத்தொகை, அதுவும் ஆண்டின் நான்கு காலாண்டிலும் இலக்கை முழுதாக எட்டினால்தான். ஆகக் கையில் நிச்சயமாக விழுவது மாதம் நாற்பதாயிரம் அளவுதான். இப்போது நான் வாங்குவது 31,000 என்பதால் அதுவே எனக்குப் பெரிய தொகை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொலைபேசியில் பேசிய மனிதவளத் துறை அம்மையார், “டி.ஏ.வே மாசம் பத்தாயிரத்துக்கு மேல வரும் மேடம், அது அப்படியே உங்க கையில நிக்கும்” என்று ஒரு வார்த்தை சொன்னார். டி.ஏ. என்றால் வேலைக்காக ஓடும் நாளுக்கு நிறுவனம் தரும் தினப்படி. அந்த ஒரு வார்த்தையைச் சோதிக்கத்தான் இந்தப் பயணம்.

காலை ஒன்பது மணிக்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில், இதே சிறுநீரகத் துறையில் வேறொரு நிறுவனத்துக்காக ஓடும் தம்பி ஒருவனைச் சந்தித்தேன். பொதுப் பிரிவில் நான் ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு மருத்துவர்களைப் பார்ப்பேன். என் பட்டியலில் மொத்தம் நூற்றெண்பது பேர் இருக்கிறார்கள். தம்பியின் பட்டியலில் இருப்பதோ அறுபது பேர். ஆள் குறைவு என்றால் வேலையும் குறைவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த அறுபது பேரில் உண்மையில் மருந்து எழுதுகிறவர்கள் பத்துப் பேருக்குள் அடங்கிவிடுவார்கள், அவர்களை மாதம் நான்கு முறை பார்த்தாக வேண்டும், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது.

அரசு மருத்துவமனையில் நடையாய் நடந்தாலும் விற்பனைக் கணக்கில் அது ஏறுவது அரிது. அங்கே நோயாளிக்குத் தரப்படும் மருந்தை 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மாநிலம் முழுவதற்கும் சேர்த்து வாங்குகிறது. ஆனாலும் அங்கே படிக்கும் முதுநிலை மாணவர்கள் நாளைக்குத் தனியாகத் தொழில் தொடங்குவார்கள் என்பதற்காக டூர் புரோகிராமில் மாதம் நான்கு வருகை எழுதப்பட்டிருக்கிறது.

பிறகு ஐந்து ரோடு, சொர்ணபுரி, ஃபேர்லேண்ட்ஸ். டயாலிசிஸ் மையங்களில் நோயாளி வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார். ரத்தச் சோகைக்காக எரித்ரோபொய்ட்டின் ஊசி போடுகிறார்கள். இந்த ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். உறையக் கூடாது, குலுக்கவும் கூடாது. ஆகவே எந்த மருந்து என்பதை மருத்துவர் எழுதினாலும், எந்த நிறுவனத்தின் மருந்து என்பதை மையத்தின் கொள்முதல் அலுவலரும், குளிர்பெட்டி வைத்திருக்கும் ஸ்டாக்கிஸ்ட் என்ற மொத்த விற்பனையாளரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் நோயாளிக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு என்று தொகை வரையறுத்துவிட்ட பிறகு, மையத்துக்காரர் மலிவான ஊசியைத்தானே தேடுவார்? “அக்கா, நம்ம விளக்கப் படத்தைப் பார்த்து யாரும் மயங்க மாட்டாங்க. விலையும் சப்ளையும்தான் பேசும்” என்றான் தம்பி. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டாக்கிஸ்ட் கடையில் மின்சாரம் போய், அவனே ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு ஓடினானாம். அந்த ஓட்டத்துக்கு எந்தப் படியும் இல்லை.

முக்கியமான மருத்துவர் ஒருவரை இரவு ஒன்பதே முக்கால் மணிக்குப் பார்த்தோம். மூன்று நிமிடம் பேசினார். வீடு திரும்பும்போது பத்தரை. ஸ்கூட்டர் 46 கிலோமீட்டர் காட்டியது. தலைமையிட நாளுக்கு டி.ஏ. 300 ரூபாய், கிலோமீட்டருக்குத் தனியாக எதுவும் கிடையாது. பெட்ரோல் 105, சாப்பாடும் டீயும் 140, நான்கு இடங்களில் வண்டி நிறுத்தியது 40. மிச்சம் பதினைந்து ரூபாய்.

இரண்டாம் நாள், செவ்வாய்: ஆத்தூர்

மருந்துத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் படிக் கணக்கில் ஊர்கள் மூன்று வகை. தங்கியிருக்கும் ஊர் தலைமையிடம். போய்விட்டு அன்றைக்கே திரும்பும் ஊர் எக்ஸ் ஸ்டேஷன். இரவு தங்க வேண்டிய ஊர் அவுட் ஸ்டேஷன். ஊருக்கு ஊர் எத்தனை கிலோமீட்டர் என்பதை நிறுவனம் முன்கூட்டியே ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கும். ஸ்டாண்டர்ட் ஃபேர் சார்ட் என்று அதற்குப் பெயர். ஸ்கூட்டர் எவ்வளவு ஓடியது என்பதை அந்தப் பட்டியல் கேட்காது. ஒரு பேருந்து நிலையத்திலிருந்து இன்னொரு பேருந்து நிலையம் வரை உள்ள தொலைவுதான் அதன் கணக்கு.

இந்தச் சார்ட்டின் நகலைத்தான் வேலை ஒப்புக்கொள்வதற்கு முன் யாரும் கேட்பதில்லை, நானும் பத்து ஆண்டுகளுக்கு முன் கேட்கவில்லை. இம்முறை கேட்டபோது ஏரியா மேனேஜர் சற்றுத் தயங்கி, வாட்ஸ்அப்பில் ஒரு மங்கலான படம் அனுப்பினார். ஆத்தூர் 52 கிலோமீட்டர் என்று அதில் இருந்தது. போகவர 104, கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வீதம் 364, எக்ஸ் ஸ்டேஷன் டி.ஏ. 400, ஆக 764 ரூபாய்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் தைப் பனி முகத்தில் அடித்தது. வாழப்பாடியில் இறங்கி ஒரு மருத்துவரைப் பார்த்தேன். டூர் புரோகிராமில் ‘வழியில்’ என்று குறிக்கப்பட்டிருந்தவர், ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருந்தார். மேட்டுப்பட்டிச் சுங்கச் சாவடியில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. இதை ஒரு சலுகையாக ஏரியா மேனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். மழை நாளில் கார் எடுத்தால் சுங்கமும் டீசலும் என் தலையில் விழும், ஏனென்றால் சார்ட்டில் கார் என்ற வார்த்தையே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

ஆத்தூரில் மொத்தம் ஆறு மருத்துவர்கள், ஒரு டயாலிசிஸ் மையம், மூன்று மருந்துக் கடைகள். மையத்தின் கணக்காளர் வெளிப்படையாகப் பேசினார். இப்போது வாங்கும் நிறுவனத்துக்கு மூன்று மாதப் பாக்கி இருக்கிறது, வேறு யாராவது நான்கு மாதம் கடன் கொடுத்தால் மாற்றிக்கொள்வோம் என்றார். எனக்குக் கொடுத்திருக்கும் இன்சென்டிவ் விதியின் ஐந்தாம் பத்தியை அப்போது மறுபடி எடுத்துப் படித்தேன்: ஸ்டாக்கிஸ்டின் நிலுவை 60 நாளைத் தாண்டினால் அந்தக் காலாண்டின் இன்சென்டிவ் நிறுத்தி வைக்கப்படும். கடன் கொடுத்தால்தான் விற்பனை, கடன் கொடுத்தால் இன்சென்டிவ் இல்லை. இதை எழுதியவர் ஆத்தூருக்கு ஒரு நாளும் வந்திருக்க மாட்டார்.

இன்னொரு விதியும் இருக்கிறது. இலக்கில் 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இன்சென்டிவ் சுத்தமாக இல்லை. பொதுப் பிரிவில் ஒரு மருத்துவர் கைவிட்டாலும் இன்னும் நூற்றெழுபத்தொன்பது பேர் இருக்கிறார்கள், காலாண்டு கவிழாது. இங்கே ஒரே ஒரு மையம் மாறினாலும் மூன்று மாத உழைப்பு போய்விடும். போதாததற்கு, எரித்ரோபொய்ட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதற்கு உச்சவரம்பு விலை உண்டு. அந்த வரம்பைக் குறைத்தால் நோயாளிக்கு நல்லது, நானும் அதை வரவேற்பேன். ஆனால் ரூபாயில் எழுதப்பட்ட என் இலக்கு அதோடு சேர்ந்து தானாகக் குறையாது. அதே எண்ணிக்கை ஊசியை விற்றும் நான் பின்தங்கியவளாவேன். தம்பி கடந்த ஆறு காலாண்டில் இரண்டில்தான் இன்சென்டிவ் வாங்கினான். ஒன்றரை லட்சம் என்ற எண்ணைக் கடிதத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது ஐம்பதாயிரம் என்றுதான் கண்ணில் படுகிறது.

இரவு ஏழரைக்கு வீடு. ஸ்கூட்டர் 131 கிலோமீட்டர் ஓடியிருந்தது. சார்ட்டை விட 27 அதிகம். பெட்ரோல் 295, சாப்பாடு 210. டயர், ஆயில், சர்வீஸ் தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று வைத்தேன், 131. மொத்தம் 636. மிச்சம் 128 ரூபாய். வண்டித் தேய்மானத்தைச் செலவாக எழுதும் ரெப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. பத்து ஆண்டில் மூன்று ஸ்கூட்டர் மாற்றிய பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

மூன்றாம் நாள், புதன்: தர்மபுரி வழியாகக் கிருஷ்ணகிரி, லாட்ஜ் அறையிலிருந்து

தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போக வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். பேசியது அந்த ஒன்றுதான். ஆகவே பேருந்து. டிக்கெட்டைக் காட்டினால் பேருந்துக் கட்டணம் கிடைக்கும். பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைகளுக்கு ஓடிய மூன்று ஆட்டோக்களுக்கு 240 ரூபாய். அதற்கு எந்த இடமும் படிவத்தில் இல்லை.

அவுட் ஸ்டேஷன் டி.ஏ. 750, அறை வாடகை ரசீதின்படி 1,200 வரை. அந்த வாடகைக்குப் பேருந்து நிலையத்தின் அருகே அறை கிடைக்காமல் இல்லை. முதலில் ஏறிய லாட்ஜில் முன்மேசையில் இருந்தவர் என் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கூட யாரும்மா வர்றாங்க?” என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாவது இடத்தில் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை. மூன்றாவது, குடும்பங்கள் வந்து தங்கும் விடுதி. வாடகை 1,600, வரியோடு 1,680. அங்கே தங்கினேன். வித்தியாசம் 480 ரூபாய் என்னுடையது. டூர் புரோகிராமில் மாதம் ஆறு இரவுகள் இருக்கின்றன. ஆண் ரெப்கள் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு படியில் மிச்சம் பிடிப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே. இருவரும் அந்தப் பணத்தில்தான் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவார்கள். அந்த மிச்சம் பெண்ணுக்கு இல்லை. படி இருவருக்கும் ஒன்றுதான், செலவுதான் ஒன்றில்லை.

அமெரிக்காவில் இதே வேலை செய்யும் கல்லூரித் தோழி ஒருத்தியிடம் இரவு பேசினேன். அங்கே சிறப்பு மருந்துப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது, வேலை நாளில் இத்தனை விழுக்காடு இரவுத் தங்கல் இருக்கும் என்று விளம்பரத்திலேயே போடுவது வழக்கமாம்; நிறுவனக் காரோ காருக்கான படியோ உண்டாம். என் கடிதத்தில் ‘பணித் தேவைக்கேற்பப் பயணம்’ என்பதோடு சரி. ஆறு இரவு என்பது டூர் புரோகிராமைக் கேட்டு வாங்கியதால்தான் தெரிந்தது. ஆனால் அங்கேயும் இரவு பத்து மணி வரை காத்திருந்தால் மிகைநேரச் சம்பளம் கேட்க முடியாது. மருந்துப் பிரதிநிதி ‘வெளியில் சுற்றும் விற்பனையாளர்’ என்ற வகையில் வருகிறவர், மிகைநேரச் சம்பளத்துக்கு உரியவர் அல்லர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. “கார் இருக்குடி, ஆனா அந்தக் கார்லதான் மத்தியானச் சாப்பாடும்” என்றாள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஒன்பது மணிக்குக் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டான். வீடியோ அழைப்பில் சொல்லிக் கொடுத்தேன். மாதம் ஆறு இரவு என்பதன் பொருள் அப்போது கொஞ்சம் தெளிவாயிற்று.

நான்காம் நாள், வியாழன்: திரும்பும் வழி

கிருஷ்ணகிரியில் காலை இரண்டு மருத்துவர்கள், தர்மபுரியில் மாலை ஒருவர். ஒருவர் விடுப்பில் இருந்தார். எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை. வழக்கப்படி திரும்பும் நாளை அவுட் ஸ்டேஷனாகக் கொள்வதில்லை, 400 ரூபாய் டி.ஏ.தான். நேற்றும் இன்றும் சேர்த்து நான் வெளியே இருந்தது முப்பத்தாறு மணி நேரம். பேசியது, கூட்டிப் பார்த்தால், நாற்பது நிமிடம் தேறும்.

ஐந்தாம் நாள், வெள்ளி: ஏற்காடு

சிறுநீரக மருந்துக்கு ஏற்காட்டில் என்ன வேலை என்று எனக்கும் புரியவில்லை. அங்கே சிகிச்சை செய்யும் பொது மருத்துவர்கள் கால் வீக்கமும் சர்க்கரை நோயும் உள்ளவர்களை முதலில் பார்ப்பவர்கள், அவர்கள்தான் சேலத்துக்கு அனுப்புகிறவர்கள், ஆகவே மாதம் ஒரு முறை அவர்களைப் பார்க்க வேண்டும் என்பது ஏரியா மேனேஜரின் விளக்கம். விற்பனை எண் சுழியமாகவே இருக்கும் ஒரு மலைக்கு மாதாமாதம் ஆள் அனுப்புவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த நாளுக்காக என் விற்பனை இலக்கைக் குறைக்க மாட்டார்களே?

சார்ட்டில் ஏற்காடு 30 கிலோமீட்டர். போகவர 60, ஆக 210 ரூபாய், டி.ஏ. 400. தரையில் ஓடும் கிலோமீட்டரும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் கிலோமீட்டரும் அந்தப் பட்டியலுக்கு ஒன்றே. அடிவாரத்தில் சோதனைச் சாவடி தாண்டியதுமே இரண்டாம் கியர் போல் ஸ்கூட்டர் முனகத் தொடங்கியது. லிட்டருக்கு நாற்பத்தைந்து ஓடும் வண்டி மேலே முப்பத்திரண்டுதான் ஓடியது. இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகும் என்பார்கள். அந்த மிச்சத்தை பிரேக் ஷூ வாங்கிக்கொள்ளும்.

ஏரிக்கரையில் ஒரு மருத்துவர் உடனே உள்ளே அழைத்தார். சேலத்தில் இரண்டு மணி நேரம் நின்ற எனக்கு அது கூச்சமாகக்கூட இருந்தது. நாகலூர்ப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகள் டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் வாரம் மூன்று நாள் மலையிறங்கி ஏற வேண்டியிருப்பதைச் சொன்னார். “அவங்களுக்கு யாரும்மா டி.ஏ. கொடுப்பாங்க?” என்று சிரித்தார். என் கையில் பயணக் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டார் என்று நினைக்கிறேன். பதில் சொல்லத் தோன்றவில்லை.

மதியம், எங்கள் சங்கத்தில் பல காலம் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற மூத்த ரெப் ஒருவரைப் பார்க்கப் போனேன். இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தின் நடுவே வீடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது; களத்தில் கடைசிப் பறிப்புக் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. 1974-இல் சேலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், தோல் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பேருந்தில் ஏற்காடு ஏறிக் கடைசிப் பேருந்தில் இறங்கியவர். கடிதத்தை வாங்கினார். சம்பளம் எழுதியிருந்த பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முதல் பக்கத்தில் இருந்த ‘தெரபி மேனேஜர்’ என்ற இரண்டு சொல்லின் மீது விரலை வைத்தார்.

“இதைக் கவனிச்சியாம்மா?”

“பேருக்குத்தானே ஐயா. எனக்குக் கீழே ஒரு ஆள்கூட இல்லை.”

அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன், ஏனெனில் சிறப்புப் பிரிவுக்குப் போகும் யாரும் இதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. விற்பனை மேம்பாட்டுப் பணியாளர் பணி நிலைமைச் சட்டம் வந்தது 1976-இல். நியமனக் கடிதத்தைக் குறித்த படிவத்தில் எழுதித் தர வேண்டும், பணி செய்த காலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு ஈட்டிய விடுப்பு, பணிக்காலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு அரைச் சம்பள மருத்துவ விடுப்பு என்றெல்லாம் அது வரையறுத்தது. தொழிற்தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பையும் எங்களுக்கு நீட்டியது. ஆனால் கமிஷன் நீங்கலாக மாதம் 750 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கே அந்தச் சட்டம் என்று ஒரு வரம்பு இருந்தது. “நான் எண்ணூறு வாங்கினேன். அம்பது ரூபா கூட வாங்கினதால சட்டத்துக்கு வெளியே போயிட்டேன். சம்பளம் ஒசந்ததுன்னு பால்கோவா வாங்கிக்கிட்டுப் போனவன் நான்” என்றார். 1986-இல் சட்டத்தைத் திருத்தி, 1987 மே மாதம் முதல் அந்த வரம்பை எடுத்தார்கள். பதிலுக்கு, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். மருந்துப் பிரதிநிதியின் வேலை உடலுழைப்போ எழுத்தர் பணியோ நுட்பப் பணியோ அல்ல, ஆகவே தொழிற்தகராறுச் சட்டத்தின் சொந்த வரையறைப்படி அவர் தொழிலாளர் அல்லர் என்று 1994-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்ன பிறகு, எங்களுக்கு இருந்த பிடி அந்த 1976 சட்டம் ஒன்றுதான்.

இப்போது அந்தச் சட்டத்தையும் 2020-இன் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு உள்வாங்கிக்கொண்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புகள் நடப்பில் உள்ளன. தொழில் உறவுத் தொகுப்பின் வரையறையில் விற்பனை மேம்பாட்டுப் பணியாளரைத் தொழிலாளராகச் சேர்த்திருக்கிறார்கள், நியமனக் கடிதமும் கட்டாயம். ஆனால் நிர்வாகப் பணியில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அந்த வரையறைக்கு வெளியேதான். பெயர்ப் பலகையை அல்ல, செய்யும் வேலையைத்தான் நீதிமன்றம் பார்க்கும் என்பது உண்மை. “ஆனா அதை நிரூபிக்க நீ கோர்ட்டு வாசல்ல எத்தனை வருஷம் நிப்பே? டாக்டர் வாசல்ல நிக்கறதே போதாதா?” என்றார். நிறுவனங்கள் சிறப்புப் பிரிவில் எல்லோரையும் மேனேஜர் ஆக்குவது பெருமைக்காக மட்டும் இருக்காது என்பது அவர் கருத்து. மருத்துவரின் முன் மேனேஜர் என்ற அட்டையோடு நிற்பதில் ஒரு மதிப்பு இருக்கிறது என்று நான் வாதிட்டுப் பார்த்தேன். வரவேற்பறையில் ரெப் என்றால் கடைசி இருக்கை, மேனேஜர் என்றாலும் அதே இருக்கைதான் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை இரவு நினைவுக்கு வந்தது. மறுக்க முடியவில்லை.

படியைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே: “சம்பளத்தை ஒரு தடவைதான் பேசுவே. கிலோமீட்டரைத் தினம் ஓட்டணும். அதனால கிலோமீட்டரை முதல்ல பேசு.”

நான்கு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போன காரின் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு வளைவு வளைவாக இறங்கினேன். அடிவாரம் வரச் சரியாக ஒன்றே கால் மணி நேரம். பனி அதிகமாகி மேலேயே தங்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று நேற்றே கேட்டிருந்தேன். ஏற்காடு எக்ஸ் ஸ்டேஷன் என்பதால் அறை வாடகை கிடையாது என்பது பதில். சனி ஞாயிறில் சுற்றுலாக் கூட்டம் வரும் ஊரில் வெள்ளி இரவு வாடகை எவ்வளவு இருக்கும் என்பதை சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கூட்டர் 88 கிலோமீட்டர். பெட்ரோல் 275, சாப்பாடு 180, தேய்மானம் 88. மொத்தம் 543. வரவு 610. மிச்சம் 67 ரூபாய், பிரேக் ஷூவைச் சேர்க்காமல்.

ஆறாம் நாள், சனி: வீட்டுத் திண்ணை

மாதம் 24 வேலை நாளில் 10 நாள் தலைமையிடம், 8 நாள் எக்ஸ் ஸ்டேஷன், 6 நாள் அவுட் ஸ்டேஷன். டி.ஏ. மட்டும் 3,000, 3,200, 4,500, கூட்டினால் 10,700. பத்தாயிரத்துக்கு மேல் என்று அந்த அம்மையார் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது கையில் நிற்குமா? தலைமையிடத்தில் நாளுக்குப் பதினைந்து வீதம் 150. எக்ஸ் ஸ்டேஷனில் சராசரி நூறு என்று தாராளமாகவே வைத்தாலும் 800. அவுட் ஸ்டேஷனில் 750 ரூபாயிலிருந்து சாப்பாடு 420, ஆட்டோ 240, அறை வித்தியாசம் 480 கழித்தால், நாளுக்கு 390 கைவிட்டுப் போகிறது. ஆறு நாளுக்கு 2,340. ஆக மாதம் ஏறத்தாழ 1,400 ரூபாய் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும். நிச்சயச் சம்பளம் பதினோராயிரம் கூடுகிறது என்பதால், அதற்குப் பிறகும் எனக்கு லாபம்தான். கடிதத்தைக் கிழித்துப் போடும் எண்ணம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். இப்போதைய வேலையில் அவுட் ஸ்டேஷனே கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பதினோரு மணிக்கு ஏரியா மேனேஜரை அழைத்தேன். நோட்டிலிருந்து வரிசையாக வாசித்தேன். ஐந்து நாளும் நானே ஓடிப் பார்த்தேன் என்றதும் சற்று நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.

“மேடம், ஓசூர்ல இருந்து நாமக்கல் வரைக்கும் எல்லாரும் இதே சார்ட்லதான் ஓட்டறாங்க.”

“ஓட்டட்டுங்க சார். அவங்க யாரும் கேக்கலை, நான் கேக்கறேன்.”

மூன்றைக் கேட்டேன். பெண் பணியாளருக்கு அறை வாடகை வரம்பு 1,800. ஏற்காட்டில் பனியோ மழையோ வழியை மறித்தால் அன்றைக்கு அவுட் ஸ்டேஷன் கணக்கு. பதவியின் பெயரில் மேனேஜர் என்பதை எடுத்துவிட்டு, கடிதத்தில் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர் என்று எழுதுதல். முதல் இரண்டையும் மனிதர் நேர்மையாகவே யோசித்தார். அறைக்கு 1,600 வரை தாம் பேசி வாங்கித் தர முடியும், வரியும் சேர்த்து ரசீதுக்கு ரசீது என்றார். ஏற்காடு விஷயத்தில் தம் ஒப்புதல் மின்னஞ்சல் இருந்தால் போதும் என்றார். மூன்றாவதைக் கேட்டதும் குரல் மாறியது. அது மும்பையில் முடிவு செய்வது, இந்தியா முழுக்க அந்தப் பிரிவில் அதே பெயர்தான், ஒருவருக்காக மாற்ற மாட்டார்கள், அதோடு, “மேனேஜர்னு போட்டா உங்களுக்குத்தானே மேடம் கௌரவம்?”

எனக்குக் கீழே வேலை செய்ய யாரும் இல்லை, நியமிக்கவோ நீக்கவோ விடுப்பு வழங்கவோ எனக்கு அதிகாரம் இல்லை, என் பணி மருந்து விற்பனையை மேம்படுத்துவது மட்டுமே என்று பணி விவரத்தில் ஒரு பத்தி சேர்த்தால், பெயர் என்னவாக இருந்தாலும் கையெழுத்திடுகிறேன் என்றேன். இந்த யோசனை ஏற்காட்டு ஐயாவுடையது. எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றார். மூன்று கோரிக்கைகளையும், ஐந்து நாள் கணக்கையும், ஸ்கூட்டரின் கிலோமீட்டர் படங்களையும் இணைத்து மதியமே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். எல்லாம் எழுத்தில் வந்த பிறகுதான் இங்கே ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுப்பேன் என்பதையும் அதில் எழுதினேன்.

மாலை வரை பதில் இல்லை. ஆறு மணிக்கு என் இப்போதைய ஏரியா மேனேஜர், விடுப்பு எப்படிப் போயிற்று என்று கேட்டுவிட்டு, திங்கட்கிழமைக்கான டூர் புரோகிராமை அனுப்பியிருந்தார். ஓமலூர், தாரமங்கலம். இப்போதைய நிறுவனத்தின் சார்ட்டில் தாரமங்கலம் எத்தனை கிலோமீட்டர் என்று பத்து ஆண்டில் முதல் முறையாக எடுத்துப் பார்த்தேன். அதிலும் நான்கு குறைவாகத்தான் இருந்தது.